வண்டி எப்போது கொதித்தது?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குப் போகிற சாலையில், பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை, வைகாசியில் அந்த வளைவுகளில் ஏதாவது ஒன்றில், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ரேடியேட்டரிலிருந்து ஆவி பறக்க ஒரு பழைய லாரி நிற்கும். கிளீனர் பையன் கையில் கேனோடு தண்ணீர் தேடிப் போயிருப்பான். எப்படியோ ஏறி ஊர் சேர்ந்த பிறகு ஆளுக்கொரு யோசனை வரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பார் ஒருவர். வாட்டர் பம்ப் போய்விட்டது என்பார் இன்னொருவர். ஹெட்டை இறக்காமல் முடியாது என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து, கையில் இருந்த பணமெல்லாம் கரைந்த பிறகும் அதே வளைவில் அதே வண்டி கொதிப்பதுண்டு.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டி எப்போது கொதித்தது? ஏற்றத்திலா, சமதளத்தில் வேகமாகப் போகும்போதா, ரயில்வே கேட்டில் நிற்கும்போதா, ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடமா, அணைத்த பிறகா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு சூழலில்தான் தன் பலவீனத்தைக் காட்டும். ஏன் அப்படி என்பதற்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு.

முதலில் வெப்பக் கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. பழைய டீசல் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகச் சக்கரத்துக்கான வேலையாக மாற்றும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு வருகிறது. ஆறு சிலிண்டர் லாரி ஒன்று ஏற்றத்தில் 100 குதிரைத்திறனைத் தொடர்ந்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 75 கிலோவாட். அப்போது தண்ணீரில் இறங்கும் வெப்பம் சுமார் 60 கிலோவாட். எஞ்சினிலும் ரேடியேட்டரிலும் சேர்த்து 20 லிட்டர் தண்ணீர் இருந்து, அதிலிருந்து வெப்பம் வெளியேறவே வழியில்லாமல் போனால், 80 டிகிரியிலிருந்து 100 டிகிரியைத் தொட அந்தத் தண்ணீருக்கு அரை நிமிடம் போதும். அரை டன் இரும்பும் சேர்ந்துதான் சூடாக வேண்டும் என்பதால் உண்மையில் இரண்டு நிமிடம் கிடைக்கும். ஏற்றத்தில் ஃபேன் பெல்ட் அறுந்தால் ஓட்டுநருக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அந்த 60 கிலோவாட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போக வேண்டும், காற்று வாங்கிக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரில் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் ஏழு டிகிரி வித்தியாசம் என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுற்ற வேண்டும். அதாவது உள்ளே இருக்கிற மொத்தத் தண்ணீரும் நிமிடத்துக்கு ஆறு முறை சுற்றிவர வேண்டும். காற்றின் பக்கம் இன்னும் கடினம். காற்று லேசானது, அதன் வெப்பக் கொள்ளளவும் குறைவு. அது 30 டிகிரி சூடாகி வெளியேறுகிறது என்று கொண்டால், நொடிக்கு இரண்டு கிலோ காற்று, சுமார் 1.8 கன மீட்டர், ரேடியேட்டர் வழியாகப் பாய வேண்டும். இந்த ஏற்பாட்டின் மிக நெருக்கடியான இடம் தண்ணீர் காற்றுக்கு வெப்பத்தைக் கைமாற்றும் அந்த மெல்லிய தகடுகள்தான்.

கைமாறும் வெப்பத்தின் அளவு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, மார்கழிக் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அக்னி நட்சத்திர நாளில் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50. அதே ரேடியேட்டர், அதே ஃபேன். ஆனால் திறனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு காணாமல் போய்விட்டது. குழாய்களில் மூன்றில் ஒன்று அடைத்திருந்தாலும் பனிக்காலத்தில் வண்டி ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். கோடை வந்ததும் "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே" என்று ஓட்டுநர் சொல்வார். அவர் சொல்வது சரிதான். கோளாறு மட்டும் போன மாதம் பிறந்ததில்லை.

நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்குகிறதா? அப்படியானால் காற்றைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கிறது. நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேன் இலை உடைந்திருக்கலாம். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூட்டை யாராவது கழற்றிப் போட்டிருக்கவும் கூடும். அந்தக் கூடு வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கும். ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

சமதளத்தில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் கொதித்தால் மொத்தத் திறன் போதவில்லை என்று பொருள். வெளித் தகடுகளில் நெல் உமியும் பஞ்சுத் தூசும் ஆயிலோடு சேர்ந்து அப்பியிருக்கலாம், உள்ளே குழாய்கள் அடைத்திருக்கலாம். இத்தோடு ஓட்டும் விதமும் சேர்ந்துகொள்கிறது. பழைய லாரிகளில் ஃபேனும் வாட்டர் பம்பும் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டவை. ஏற்றத்தில் மேல் கியரிலேயே 1200 சுற்றில் முக்கி முக்கி ஏறினால், ஃபேனும் பம்பும் அதே மந்தத்தில்தான் சுற்றும். அதே வேகத்தில், ஒரு கியர் இறக்கி எஞ்சினை 2000 சுற்றில் வைத்தால் மலையேறத் தேவையான திறன் மாறுவதில்லை. ஆனால் காற்றும் தண்ணீரும் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக ஓடும். சத்தம் கூடுவதால் எஞ்சினைக் கசக்குகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீழ் கியரில்தான் அதற்கு மூச்சு கிடைக்கிறது.

சந்தேகம் முள்ளின் மீதும் விழ வேண்டும். பழைய லாரிகளின் வெப்ப சென்சார் பெரும்பாலும் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. அதற்குப் போகும் ஒயர் எங்காவது உரசி வெறும் இரும்பில் பட்டால், எஞ்சின் பச்சைத் தண்ணீர்போல் இருந்தாலும் முள் சிவப்புக்குப் போகும். ஒயர் அறுந்தால் எஞ்சின் வெந்தாலும் முள் எழுந்திருக்காது. இவற்றைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வடிந்துபோய் அது வெறும் காற்றில் நின்றால், முள் திடீரென்று கீழே இறங்கக்கூடும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சடாரென்று விழுந்தால் நிம்மதியடையக் கூடாது. ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஆண்டுதோறும் முகம் வெந்தவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அரை பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 111 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும். 110 டிகிரித் தண்ணீர் 100 டிகிரிக்கு வந்தே தீர வேண்டும். 20 லிட்டரில் நானூறு கிராம்கூட ஆவியாக வேண்டியதில்லை. ஆனால் அந்த நானூறு கிராமுக்குள் 600 லிட்டருக்கு மேல் நீராவி இருக்கிறது. அது மீதித் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு மேலே பாயும். துணியைப் போட்டுப் பிடித்தாலும் கை தாங்காது. காத்திருக்க வேண்டும், அரைமணி நேரத்துக்கு மேலானாலும். காய்ந்து கிடக்கும் சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுவதும் அப்படித்தான்: ஹெட்டில் விரிசல் விழும், அந்த விரிசலுக்கு ஊற்றியவரைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை.

இந்த மூடி மலிவான பாகம், அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அழுத்தம் தங்காது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு ஊட்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றப் போகிற லாரி, வேறு ஒரு குறையும் இல்லாமலேயே கொதிக்கக்கூடும். மூடியில் எதிர்த்திசையில் திறக்கும் சின்ன வால்வும் இருக்கிறது. குளிரும்போது உள்ளே காற்றையோ தண்ணீரையோ வாங்கிக்கொள்வது அதன் வேலை. காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்தச் சின்ன வால்வு இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனித் தண்ணீரின் ஓட்டம். தெர்மோஸ்டாட் திறந்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் வெப்பத்தையும் அளந்து பார்த்தால் ஒரு ரகசியம் வெளிப்படும். கடையில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், எனவே ரப்பர் ஹோஸ் மீதோ கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ குறிவைக்க வேண்டும். வண்டி கொதிக்கிற நிலையில் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால், தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. குறைவாக ஓடும் தண்ணீர் ரேடியேட்டரில் நெடுநேரம் நின்று நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது, ஆனால் அந்தக் கொஞ்சத் தண்ணீரால் எஞ்சினின் வெப்பத்தை அள்ள முடிவதில்லை. வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான், ஆனாலும் இரண்டுமே கொதிக்கிற சூட்டில் இருக்கின்றன என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் வாங்கவில்லை. ஒரே அளவீட்டில் பம்பையும் ஃபேனையும் பிரித்துவிடலாம். பட்டறைகளில் இந்தச் சோதனை அரிதாக இருப்பது எனக்கு வருத்தம்தான். இதற்கு ஆகும் செலவு ஒரு டின் கூலன்டின் விலைகூட இல்லை.

ஓட்டம் குறைவு என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. பக்கவாட்டில் கண்ணாடிபோல் மின்னினால் அது வழுக்குகிறது. கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். அதற்குள் இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால், எஞ்சினை ஏற்றும்போது ஹோஸ் உள்ளிழுத்துச் சப்பிவிடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது மட்டும் கொதிக்கிற வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பம்புக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. பசை வைத்து அந்தத் துளையை அடைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வெளியே போக வேண்டிய தண்ணீர் அப்புறம் பேரிங்குக்குள் போகும், பம்ப் இறுகும், நடுவழியில் பெல்ட் அறுக்கும்.

ரேடியேட்டரின் முகத்தில் வெப்பமானியை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த பட்டைகளாகத் தெரியும். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு இருக்கும் பெரிய வரம், மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கி எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்ற வைக்கலாம் என்பது. அலுமினிய ரேடியேட்டர்களோடு பிளாஸ்டிக் தொட்டிகள் வந்த பிறகு அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

இப்போது தெர்மோஸ்டாட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் சாலைகளில் ஓடும் பழைய லாரிகளில் ஏராளமானவற்றில் இது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தெர்மோஸ்டாட்டின் உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குப்பியில் மெழுகு இருக்கிறது. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் உருவாக்கிய ஏற்பாடு. மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்து சதவீதத்துக்கும் மேல் பெருகும். அந்தப் பெருக்கம் ஒரு தண்டைத் தள்ளி, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கிறது. எந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்கேற்ப மெழுகைத் தேர்ந்தெடுக்கலாம். மின்சாரம் வேண்டாம், வெளியிலிருந்து கட்டளை வேண்டாம். தண்ணீரின் சூட்டைத் தானே உணர்ந்து தானே திறந்து மூடும் இந்தப் பொருளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இது எப்போதாவது மூடிய நிலையிலேயே இறுகிவிடும். அப்போது ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் மேலேறும், மேல் ஹோஸோ தொட்டால் ஆறியிருக்கும். அந்த ஒரு நாளின் அனுபவத்தால்தான் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கழற்றினால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடும், எப்போதும் குளிர்ச்சி என்பது கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

பல எஞ்சின்களில் இந்தக் கணக்கு தலைகீழாகப் போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்ப ஒரு குறுக்கு வழி உண்டு. தெர்மோஸ்டாட்டின் மேல் வால்வு ரேடியேட்டருக்கான வழியைத் திறக்கும்போது, அதன் அடியில் இருக்கும் இன்னொரு தட்டு இந்தக் குறுக்கு வழியை மூடுகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்கு வழியை மூட ஆளில்லை. எதிர்ப்பு குறைந்த பாதையைத் தேடுவது தண்ணீரின் குணம். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். ஆகவே லோடு இல்லாமல் ஓடும்போது எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து கிடக்கிறது. முழு லோடில் மலையேறும்போது, குளிர்ச்சி மிக அவசியமான நேரத்தில், கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்த பிறகும் வண்டி கொதிக்கிறதே என்று குழம்புபவர்கள், எடுத்ததாலேயே கொதிக்கலாம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட் வேண்டும் என்று வாதிடுபவர்களில் சிலர், அது இல்லாவிட்டால் தண்ணீர் மிக வேகமாக ஓடி, ரேடியேட்டரில் வெப்பத்தை விட நேரமில்லாமல் போகும் என்கிறார்கள். முடிவு சரி, காரணம் தவறு. தண்ணீர் வேகமாக ஓடினால் அதன் ஒவ்வொரு சொட்டும் குறைவாகத்தான் குளிரும், ஆனால் சொட்டுகளின் எண்ணிக்கை கூடும். மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் குறைவதில்லை. சரியான காரணம் அந்தக் குறுக்கு வழியும், எஞ்சின் குளிர்ந்து ஓடுவதால் வரும் தேய்மானமும்.

குளிர்ந்த எஞ்சின் நல்ல எஞ்சின் என்ற நம்பிக்கை ஆழமானது. டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சிலிண்டர் சுவர் போதுமான அளவு சூடாக இல்லாவிட்டால் அந்த நீராவி சுவரிலேயே நீர்த்துளியாகப் படியும், எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். முன்பெல்லாம் டீசலில் கந்தகம் அதிகம், அந்த நீர்த்துளி கந்தக அமிலமாகி லைனரை அரித்தது. 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, எனவே அமிலத்தின் தொல்லை மிகவும் குறைந்துவிட்டது. நீர்த்துப்போகும் ஆயிலும் கூடும் டீசல் செலவும் அப்படியே இருக்கின்றன.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாதபடி கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியோடு சூடாக்க வேண்டும். அதன் மீது 82 என்று பொறித்திருந்தால் ஏறத்தாழ அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து டிகிரியில் முழுதாகத் திறக்கும். திரும்பப் பொருத்தும்போது அதன் தட்டில் இருக்கும் சின்னத் துளை மேல் பக்கம் வர வேண்டும். உள்ளே சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

அடுத்து, ஊற்றுகிற தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை எல்லோரும் சுரண்டியிருப்போம். எஞ்சினுக்குள்ளும் அதேதான் நடக்கிறது, சுரண்டத்தான் கை போகாது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அது எங்கே படியும்? எங்கே சூடு அதிகமோ அங்கே. அதாவது ஹெட்டில், புகை வெளியேறும் வால்வுகளைச் சுற்றி, எந்த இடத்துக்குக் குளிர்ச்சி மிகவும் தேவையோ அங்கேயே. அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன், வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் படிந்தால் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்குக் கூடுதலாக இரும்புச் சுவர் எழுப்பியதற்குச் சமம். தண்ணீர் 85 டிகிரி என்று முள் நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சுவருக்குப் பின்னால் இரும்பு வெந்து விரிசல் விடும்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. சூடானால் படியக்கூடிய சுண்ணாம்பு லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள உப்புத் தண்ணீரை 20 லிட்டர் ஊற்றினால், படிவது ஆறு கிராம். பெரிய கேடில்லை. ஆனால் எங்கோ ஒழுகுகிறது என்று தெரிந்தும் சரிசெய்யாமல் தினமும் ஐந்து லிட்டர் ஊற்றிக்கொண்டே ஓட்டினால், ஆண்டுக்கு 300 நாளில் 1500 லிட்டர். அதில் வரும் சுண்ணாம்பு 450 கிராம். ஒழுகும் தண்ணீரோடு கொஞ்சம் வெளியே போகும் என்றாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். சின்ன ஒழுக்கு என்று விட்டுவிடுகிற ஹோஸ் கிளிப்தான், சில ஆண்டுகளில் ஹெட்டையே உடைக்கிறது. தண்ணீர் போவதைவிட, அதற்குப் பதில் வருவதுதான் கெடுதல்.

அதற்காக ஏசியில் வடியும் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ வெறுமனே ஊற்றினால் சுண்ணாம்பு படியாது, துரு பிடிக்கும். இரும்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்திருக்கும் இடம் அது. ஒன்று இன்னொன்றை அரிக்கும். கூலன்ட் குளிர்நாட்டுக்காரர்களுக்கு, உறையாமல் இருக்க என்று இங்கே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்கு அதில் இருக்கும் பயன் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்திருந்தால், மூடியின் அழுத்தம் இல்லாமலேயே 107 டிகிரி வரை கொதிக்காது என்பது கூடுதல் லாபம். வெப்பத்தைச் சுமக்கும் திறன் மட்டும் வெறும் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. பழைய பித்தளை ரேடியேட்டருக்கும் ஈயப் பற்றுக்கும் ஏற்றது என்று தெளிவாக எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். வடித்த கூலன்டைத் தரையில் விடக் கூடாது. அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும், குழந்தைக்கும் அதே ஆபத்துதான்.

ஈர லைனர் உள்ள எஞ்சின்களில் இந்த வேதிப்பொருள்களுக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. லைனரின் வெளிப்புறத்தை நேராகத் தண்ணீர் தொடுகிறது. பிஸ்டன் பக்கம் மாறி அடிக்கும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. லைனர் பின்வாங்கும் கணத்தில் அதை ஒட்டிய தண்ணீரில் அழுத்தம் சரிந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றும். லைனர் திரும்பி வரும்போது அவை நசுங்கி வெடிக்கும். இப்படி நசுங்கும் குமிழியின் மையத்தில் எவ்வளவு பெரிய அழுத்தம் உருவாகும் என்பதை ராலே பிரபு 1917இல் கணக்கிட்டுக் காட்டினார். கப்பல்களின் சுழலிகள் குழிகுழியாக அரிக்கப்படுவது ஏன் என்ற கேள்வியின் பின்னணியில் பிறந்த ஆய்வு அது. அதே இயற்பியல் லாரி லைனரிலும் வேலை செய்கிறது. ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள் விழுந்து, ஒருநாள் ஒரு குழி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். கூலன்டில் உள்ள நைட்ரைட் போன்ற பொருள்கள் லைனர் மீது மெல்லிய படலமாகப் படிந்து அந்த அடியைத் தாங்குகின்றன. அடி விழ விழப் படலம் தேயும், அதனால்தான் கூலன்டை அதன் காலக்கெடுவில் மாற்றச் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே படிந்துவிட்ட சுண்ணாம்பைக் கரைக்க சிட்ரிக் அமிலம் போன்ற வீரியம் குறைந்தது போதும். பிறகு சலவைச் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். கடையில் விற்கும் ஆசிட்டை அப்படியே ஊற்றுகிறவர்கள் சுண்ணாம்போடு ஈயத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தே கரைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, எல்லோரையும் பயமுறுத்தும் கோளாறு. வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. ரேடியேட்டரைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் சூடாகும் முன்பே குமிழிகள் வருகின்றன. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் ஆயிலுக்குள் போயிருக்கிறது. ரேடியேட்டரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்பதால் கசிவு அந்தத் திசையில்தான் இருக்கும். குமிழி மட்டும் வருகிறது, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் பட்டறையில் சொல்லும் முதல் வார்த்தை ஹெட் கேஸ்கெட். ஹெட்டை இறக்கி, ஏற்றி, வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவது என்பது ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் முதலாளிக்குச் சாதாரணச் செலவு இல்லை. அதனால் அந்த வார்த்தையை உச்சரிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தாக வேண்டும்.

புரோமோதைமால் புளூ என்ற நீலத் திரவத்தின் வழியே ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றைச் செலுத்த வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு நீலத்தை மஞ்சளாக்கும். டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது தேவைக்கு மேல் நிறையக் காற்றை இழுப்பதால் புகையில் கரியமில வாயு மிகக் குறைவு. ஆகவே பெட்ரோல் வண்டிக்குச் செய்வதுபோல் ஒரு நிமிடத்தில் முடிவுகட்டக் கூடாது. லோடில் ஓட்டிவந்த கையோடு, ரேடியேட்டரைச் சற்று ஆறவிட்டு, பொறுமையாகப் பார்க்க வேண்டும். மஞ்சளானால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

நீலம் நீலமாகவே இருக்கிறது, ஆனாலும் குமிழி நிற்கவில்லை என்றால் இரண்டாவது சோதனை. ஏர் பிரேக் உள்ள லாரிகளில் காற்றை அடைக்கும் கம்ப்ரஸரின் தலைப்பகுதியையும் பல எஞ்சின்களில் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அந்தச் சின்னத் தலையின் கேஸ்கெட் விட்டுப்போனால், ஏழெட்டு பார் அழுத்தமுள்ள காற்று தண்ணீருக்குள் புகும். ரேடியேட்டரில் குமிழி, தண்ணீரை வெளியே தள்ளுவது, காற்றுப் பூட்டு, சூடேறுவது என ஹெட் கேஸ்கெட் போனதன் அத்தனை அறிகுறியும் அச்சு அசலாக வரும். பிரித்தறிய வழி இருக்கிறது. காற்றுத் தொட்டி நிரம்பி, புஸ்ஸென்ற சத்தத்தோடு கம்ப்ரஸர் ஓய்வுக்குப் போகும் வரை காத்திருந்து குமிழியைப் பார்க்க வேண்டும். நின்றிருந்தாலோ நன்றாகக் குறைந்திருந்தாலோ, பிரேக்கைப் பலமுறை மிதித்துத் தொட்டியின் அழுத்தத்தை இறக்க வேண்டும். கம்ப்ரஸர் மறுபடி வேலையைத் தொடங்கியதும் குமிழிகளும் திரும்பி வந்தால், குற்றவாளி ஹெட் இல்லை.

கம்ப்ரஸர் தலையைக் கழற்றி, மட்டம் பார்த்து, புதுக் கேஸ்கெட் போடுவது அரைநாள் வேலை. அதன் பிறகு கூலன்டை மெதுவாக, காற்று வெளியேற நேரம் கொடுத்து நிரப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டர் வாய் உயரமாக இருக்கும், காற்று வெளியேறுவது எளிதாகும். பிறகு லோடோடு ஒரு நடை ஓட்டி, மறுநாள் காலை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஓரிரண்டு விரல் இறங்கியிருந்தால் அது சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம், நிரப்பிக்கொள்ளலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் தேடலை மறுபடி தொடங்க வேண்டும்.